எட்டடி மதிலும் எங்கள் ஒழுங்கையும்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் கடைசியாக மிஞ்சியிருந்த கிடுகு வேலியும் போன மாதம் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது எட்டடி மதில். வளவுக்காரர் நல்ல மனிதர், எனக்குச் சொந்தம். "எல்லாரும் கட்டிட்டாங்க மனே, நாம மட்டும் வேலியோட இருந்தா சரியா?" என்றார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அன்று பின்னேரம் ஒழுங்கை முனையில் நின்று பார்த்தபோது மனம் கனத்துப் போனது. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் கொங்கிறீட். சூடான கச்சான் காற்று வீசுகிற நாளில் அதற்குள் நடந்து பாருங்கள், அடுப்படியில் நிற்பது போல இருக்கும்.

மதில்களின் அடியைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலக் குழாய் ஒன்று ஒழுங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வளவு முழுக்க சீமெந்து போட்டாயிற்று, மழைத் தண்ணீர் எங்கேயாவது போகவேண்டுமே! கார்த்திகை, மார்கழியில் எல்லாக் குழாயும் ஒன்றாக ஒழுங்கைக்குள் கொட்டுகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எங்களுடையது கடற்கரை மணல். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் கண் முன்னேயே குடித்துவிடும். அப்படிப்பட்ட மண்ணை நாமே மூடிவிட்டு, வெள்ளம் நிற்கிறது, வடிகான் கட்டித் தாருங்கள் என்று கேட்கிறோம்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் நாங்கள் ஓடியது ஒழுங்கை வழியாக அல்ல. ஒழுங்கை நிறையச் சனம். பக்கத்து வளவு வேலியைப் பிய்த்துக்கொண்டு, அடுத்த வளவுக்குள் இறங்கி, அங்கிருந்து மெயின் ரோட்டுக்குப் போனோம். இன்று அதே வளவுகளுக்கு நடுவே மதில் நிற்கிறது, மேலே கண்ணாடித் துண்டு பதித்திருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர் இது. இங்கே காணியை எப்படி அடைக்கிறோம் என்பது தனியாள் விருப்பம் மட்டும்தான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கள்ளன் பயம் என்பீர்கள். உண்மைதான், தனியாக இருக்கிற பெண்களின் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை. ஆனால் எட்டடி மதிலுக்குள் ஒருவன் குதித்துவிட்டால் அப்புறம் அவனை யார் காண்பது? முன்பு வாசல் கடப்படியில் நின்று கதைத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் எங்கள் ஒழுங்கைக்குக் காவல். புது முகம் ஒன்று வந்தால் "யார் தம்பி, எந்த வீட்டுக்கு?" என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978 இலேயே வந்துவிட்டது. காணித் துண்டு குறைந்தது எவ்வளவு, ரோட்டு அகலம் எவ்வளவு, வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு வெளி என்பதற்கெல்லாம் அதன் கீழ் விதிகள் உண்டு. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்து விற்றால் 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கு விடவேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. நல்ல விதிதான். ஆனால் ஒரு ஹெக்டேயர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். எங்கள் பக்கம் துண்டாகி விலைக்கு வருவது அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தென்னங்காணி. பத்துக் காணி இப்படிப் பிரிந்தாலும் பிள்ளைகள் விளையாட ஒரு பேர்ச் நிலம்கூட மிஞ்சாது.

காத்தான்குடியில் மெயின் ரோட்டு நடுவே பேரீச்சை நட்டார்கள். அந்த ரோட்டை யாரும் மறக்கமாட்டார்கள், அதைப் பாராட்டவே வேண்டும். நடந்து போகிறவருக்கு வேண்டிய நிழலோ ரோட்டோரத்தில் வேம்பும் வாகையும் நின்றால்தான் கிடைக்கும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. முன் மதில் மூன்றடி வரைக்கும் கல், அதற்கு மேல் கம்பி. ஒழுங்கை முனையில் மதிலைக் கொஞ்சம் சரித்து வெட்டினால் சைக்கிளில் வருகிற பிள்ளையை வாகனக்காரர் காண்பார். வளவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணாகவே கிடக்கட்டும். வீட்டுப் படத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே மாநகர சபை இவற்றையும் பார்க்கவேண்டும்.

எங்கள் முன் மதிலைக் குறைக்க மேசனிடம் பேசிவிட்டேன், மாரிக்கு முன் வேலை முடியும். வேப்பங்கன்று ஆறு வளர்த்து வைத்திருக்கிறேன். ஒழுங்கைக்காரர் யாருக்காவது வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள்.