கேள்வியை ஸ்கிப் பண்ணிட்டு படிக்கிறவங்களுக்கு

நேத்து ராத்திரி நம்ம வாசிப்பு குரூப்ல நடந்த கூத்தைப் பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்க புண்ணியம் பண்ணவங்க. சஸ்பென்ஸ் பட டைரக்டர் ஹிட்ச்காக்கை, பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோ எடுத்த பேட்டி புத்தகத்துக்கு ஒரு தம்பி 5க்கு 2 ஸ்டார் போட்டு, "ஹிட்ச்காக் மாஸ், கேள்வி கேக்கற ஆளு சரியான ஜால்ரா, அந்தாளு பேசறதை ஸ்கிப் பண்ணா ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாம்"னு எழுதியிருந்தாரு. அதுக்கு ஹார்ட்டின் மேல ஹார்ட்டின். நான் கீழ மரியாதையாத்தான் ஒரு கமெண்ட் போட்டேன். "அங்கிள் எமோஷனல் ஆயிட்டாரு"ன்னு பதில் வந்துச்சு. ஆமா தம்பி, அங்கிள்தான், வயசு 51, எமோஷனல்தான். அதனால அங்க வேணாம்னு என் டைம்லைன்லயே எழுதறேன். இதையும் ஸ்கிப் பண்ணிக்கலாம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்தக் கேள்விங்க இல்லன்னா அந்தப் புத்தகமே இல்ல.

1962 ஆகஸ்ட்ல எடுத்த பேட்டி அது, யுனிவர்சல் ஸ்டுடியோவுல. ஹிட்ச்காக்குக்கு அப்பதான் 63 வயசு. த்ரூஃபோவுக்கு 30. மூணே படம் எடுத்திருந்த பையன். நம்ம ஊர்ல மூணு படம் எடுத்தவன் அடுத்தவன் படத்தைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுவானா? இந்த ஆள் ஹிட்ச்காக்கோட மௌனப் படத்துல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா வரிசையா பார்த்துட்டு வந்து உக்காந்து, ஒரு வாரம் கேட்டு, அதை எழுதி, ஸ்டில்ஸ் தேடி, புத்தகமா வர 1966 ஆயிடுச்சு. நாலு வருஷம். ஜால்ரா தட்ட நாலு வருஷம் எதுக்குங்க, நாலு வரி போஸ்ட் போதுமே.

முன்னுரையாவது படிச்சாங்களான்னு எனக்கு சந்தேகம். அதுல ஒரு சம்பவம் வரும். 1955 குளிர்காலத்துல த்ரூஃபோவும் ஷப்ரோலும் பாரிஸ் பக்கத்துல ஒரு ஸ்டுடியோவுக்கு ஹிட்ச்காக்கைப் பார்க்கப் போறாங்க, ரெண்டு பேரும் பத்திரிகைல விமர்சனம் எழுதற பசங்க, கையில இரவல் டேப் ரெக்கார்டர், இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு வந்ததுல கண்ணு கூசி, உறைஞ்சு கிடந்த குளத்து மேல கால வச்சு ஐஸ் உடைஞ்சு ரெக்கார்டரோட தண்ணிக்குள்ள. பேட்டி அங்கயே நின்னுபோச்சு. அடுத்த வருஷம் பார்த்தப்ப, கிளாஸ்ல ஐஸ்கட்டி முட்டிக்கறதைப் பார்க்கறப்பல்லாம் உங்க ரெண்டு பேர் ஞாபகம்தான் வருதுன்னு ஹிட்ச்காக் சொன்னாராம். ஏழு வருஷம் கழிச்சு திரும்ப வந்து உக்காந்தான் பாருங்க, அவனைத்தான் நாம ஸ்கிப் பண்றோம்.

நீங்கள்லாம் ஷேர் பண்ற அந்த பால் டம்ளர் மேட்டர் இருக்கே, 'சஸ்பிஷன்' படத்துல கேரி கிராண்ட் மாடிப்படி ஏறும்போது பால் மட்டும் பளபளன்னு தெரியுமே, அதை ஹிட்ச்காக் சொல்ற விதத்தைப் பாருங்க. பால்ல லைட் வச்சேங்கறாரு. உடனே த்ரூஃபோ, அதாவது பால் மேல லைட் அடிச்சீங்களான்னு கேக்கறான். தப்பான யூகம். இல்ல, டம்ளருக்கு உள்ளயே பல்பைப் போட்டேன், எல்லார் கண்ணும் அங்கயே நிக்கணும்ல அப்படிங்கறாரு. அந்தத் தப்பான கேள்விதான் விஷயத்தை முழுசா வெளிய இழுத்துச்சு. மீம்ல பல்பு மட்டும் இருக்கும்.

அப்புறம் ஜால்ராவாம். 'சபோட்டாஜ்' படத்துல பாம் எடுத்துட்டுப் போற சின்னப் பையன் பஸ்ஸோட வெடிச்சுச் சாவான். அது சினிமாவோட சக்தியைத் தப்பாப் பயன்படுத்தற மாதிரின்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான் த்ரூஃபோ. ஆமா, பெரிய தப்புதான்னு ஒத்துக்கறாரு. எந்த ஜால்ராங்க இப்படித் தட்டுது?

சரி, குரூப்ல ஒரு தோழி கேட்டது வேற. நடிகைங்களை அவர் நடத்தினதைப் பத்தி ஏன் ஒரு வார்த்தை இல்லன்னு. நியாயம். அவர் படத்துல நடிச்ச டிப்பி ஹெட்ரன் இதைப் பத்தி 2016ல எழுதினதெல்லாம் படிச்சபிறகு அந்தப் பக்கங்களைப் பழைய மாதிரி படிக்க முடியல. என்கிட்ட பதில் இல்ல. இன்னொருத்தர், ஒரிஜினல் ஆடியோவே நெட்ல கிடக்கு, புத்தகத்துல வார்த்தையெல்லாம் மாறியிருக்குன்னாரு. தெரியும் சார். த்ரூஃபோவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. நடுவுல ஹெலன் ஸ்காட்னு ஒரு அம்மா உக்காந்து அங்கயும் இங்கயும் மொழிபெயர்த்துக்கிட்டே இருந்தாங்க, மாறாம என்ன பண்ணும். அந்த அம்மா பேரை உங்க 2 ஸ்டார் ரிவ்யூல தேடிப் பார்த்தேன். இல்ல. புத்தகத்துல இருக்கு.

குரூப்ல இன்னொரு கமெண்ட், "மைக்கை நீட்டினா யாரு வேணா பேசுவாங்க, இதுல என்ன பெரிய வேலை?" இதுக்குத்தான் எனக்கு சுருக்குன்னு ஆச்சு. இந்தப் புத்தகத்தை 98ல திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல 90 ரூபாய்க்கு வாங்கினேன், முதுகு கிழிஞ்ச காப்பி. மேன்ஷன்ல டிக்‌ஷனரிய பக்கத்துல வச்சுக்கிட்டு மூணு மாசம் படிச்சேன். அந்தத் திமிர்ல நானும் ஒரு பேட்டி எடுத்தேன். சாலிகிராமத்துல ஒரு பெரியவர், நெகட்டிவ் கட்டர், அதாவது கேமராவுல ஓடின ஒரிஜினல் ஃபிலிமை எடிட்டிங்படி வெட்டி ஒட்டறவர். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, ஹீரோ பேர் போடற டைட்டில்ல அவர் பேர் வராது. வெள்ளை கிளவுஸ் மாட்டிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வெட்டுவோம் தம்பி, பாசிட்டிவ்ல தப்பு பண்ணா வேற பிரிண்ட் எடுத்துக்கலாம், நெகட்டிவ்ல தப்பா கத்திரி வச்சா திரும்ப ஒட்டறதுல ஃபிரேம் போயிடும், போனது போனதுதான்னாரு. நான் கேட்டேன், "அப்படி ஏதாவது ஆகியிருக்குங்களாய்யா?" அவர் பதில் சொல்லல. உள்ள திரும்பி காபி கொண்டான்னு சொன்னாரு. காபி வந்துச்சு. முழுசா குடிச்சாரு, டம்ளரைக் கீழ வச்சாரு, அப்புறம் சொன்னாரு. என்ன சொன்னாருன்னு இங்க எழுத மாட்டேன், அது அவரோடது.

ஆறு கேசட். ரீவைண்ட் பண்ணிப் பண்ணி எழுதி ஒரு பத்திரிகைக்குக் கொடுத்தேன். வந்துச்சு. என் பேர் இல்ல, விடுங்க, அது பழகிப்போச்சு. என் கேள்வியையும் எடுத்துட்டாங்க. காபியையும் எடுத்துட்டாங்க. ரெண்டு பதிலையும் சேர்த்து ஒட்டி ஒரே பாரா. படிக்கிறவனுக்கு அந்த மனுஷன் தானா வந்து தன் தப்பை ஊருக்குச் சொன்ன மாதிரி இருந்துச்சு. அவரு போன் பண்ணி, "நான் இப்படியா தம்பி சொன்னேன்?"னு மட்டும் கேட்டாரு. நான் போய்ப் பார்க்கவே இல்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது. அவரும் போயிட்டாரு.

ஹிட்ச்காக் எங்க, சாலிகிராமம் எங்கன்னு கேப்பீங்க. கேளுங்க. குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன், அட்மின் தம்பி மேல வருத்தம் எதுவும் இல்ல. அந்த ஆறு கேசட்டும் பரண்ல இருக்கு, நாலாவதுல லேசா பூஞ்சை. 'பி' சைடுலதான் அந்த டம்ளர் வைக்கற சத்தம் வரும். டேப்பைக் கடிக்காம ஓட்டற பிளேயர் யார்கிட்டயாவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நானே நேர்ல வர்றேன்.