கட்டி ஆயில் ஊத்தினா பிக்கப் ஏறுமா?

ஏப்ரல் வந்தால் போதும், பைக் மெக்கானிக் கடைகளில் ஒரே பேச்சுதான். "வெயில் ஊருண்ணே, 10டபிள்யூ-30 தண்ணியா ஓடிரும். 20டபிள்யூ-50 ஊத்துங்க, வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

இரண்டும் எஞ்சின் ஆயில் கிரேடுகள், 20டபிள்யூ-50தான் கட்டி. முதல் வரியில் பாதி நியாயம் இருக்கிறது. கடைசி வரியோடுதான் எனக்குத் தகராறு. கட்டி ஆயில் எந்த வண்டியையும் பிச்சுக்கிட்டுப் போக வைக்காது, இழுத்துத்தான் பிடிக்கும்.

நம்ம கம்யூட்டர் பைக்குகளில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பல்லும் கிளட்ச் கூடையும் அதில் முங்கி முங்கிச் சுற்றுகின்றன. பிஸ்டன் ரிங் ஆயில் படலத்தை வழித்துக்கொண்டே மேலும் கீழும் ஓடுகிறது. ஆயில் எவ்வளவு கெட்டியோ, இதற்கெல்லாம் அவ்வளவு பவர் செலவாகும். சக்கரத்துக்குப் போக வேண்டிய பவர் ஆயிலைச் சூடாக்கப் போகிறது. அதுவும் ஆர்பிஎம் ஏற ஏற இந்த நஷ்டம் வேகமாக ஏறும்.

எண்களையும் பார்த்துவிடுவோம். டபிள்யூவுக்குப் பின்னால் இருக்கும் எண் சூட்டுக்கானது. 100 டிகிரியில் 30 கிரேடு ஆயிலின் பிசுக்கு, அதாவது கெட்டித்தன்மை, 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பிசுக்கை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 50 கிரேடுக்கு அது 16.3-லிருந்து 21.9 வரை. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிருக்கானது. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் எஞ்சினைச் சுழற்ற முடிகிறதா என்று பார்ப்பார்கள். மதுரையில் அதை வைத்து என்ன செய்வது? ஆனால் 40 டிகிரி கணக்கு நமக்கு முக்கியம். அங்கே சாதாரண 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வழியில் பால் வாங்கித் திரும்புகிற வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. மைலேஜ் அடிவாங்குவது அங்கேதான்.

சரி, அப்படியானால் மெல்லிய ஆயில் ஊற்றினால் பிக்கப் எகிறுமா? அதுவும் இல்லை. 50-லிருந்து 30-க்கு இறங்கினால், பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றிப் பார்க்கும்போது ஒன்றிரண்டு சதவீதம் வித்தியாசம் தெரிந்தாலே பெரிது. 8 குதிரைத்திறன் ஸ்ப்ளெண்டரில் இரண்டு சதவீதம் என்பது 0.16. பின்னால் உட்காரும் மச்சான் இறங்கிக்கொண்டால் அதைவிட அதிகம் கிடைக்கும். பின் டயரில் காற்றைச் சரியாக அடித்தால்கூடத்தான்.

ரேஸில் கதை வேறு. அமெரிக்காவின் நாஸ்கார் கார் ரேஸ் அணிகள் தகுதிச் சுற்றுக்கென்றே தண்ணீர் போன்ற ஆயில் ஊற்றி ஓட்டியிருக்கின்றன. ஒன்றிரண்டு சுற்று தாங்கினால் போதும் என்கிற எஞ்சின் அது. நம் வண்டிக்கு இஎம்ஐ முடிய வேண்டும்.

"ஆயில் மாத்தினதும் வண்டி பறக்குது, நானே உணர்ந்தேன்" என்பவர்களுக்கு: நீங்கள் உணர்ந்தது புது ஆயிலை. பழையதைக் கியர் பற்கள் அரைத்து அரைத்து, சூட்டில் ஆயில் இளகிவிடாமல் இருக்க அதில் கலந்திருக்கும் பாலிமரைச் சிதைத்திருக்கும். 50 என்று ஊற்றியதே நாளாக ஆக நாற்பதுக்கு இறங்கிவிடும். கியர் கடக் கடக்கென்று விழ ஆரம்பிப்பது அப்போதுதான். அதே கிரேடில் புதுசை ஊற்றியிருந்தாலும் வண்டி இப்படித்தான் ஸ்மூத்தாக ஓடியிருக்கும்.

இப்போது அந்தப் பாதி நியாயம். டிராஃபிக்கில் ஏர்-கூல்டு எஞ்சின் கொதிக்கும்போது ஆயில் இளகும், படலம் மெலியும், உலோகம் உலோகத்தைத் தொட்டால் தேய்மானம். உண்மைதான். ஆனால் அந்த வெயிலையும் கணக்குப் போட்டுத்தானே கம்பெனி மேனுவலில் கிரேடு எழுதுகிறது? ராயல் என்ஃபீல்டு 350-க்கு அவர்களே 15டபிள்யூ-50 சொல்கிறார்கள். அதே ரோட்டில் ஓடும் மாருதி பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16. வெயில் ஒன்றுதான், உள்ளே இருக்கும் இடைவெளியும் ஆயில் பம்பும் வேறு. மெல்லிய ஆயிலுக்காகச் செய்த எஞ்சினில் கட்டியானதை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வைத் திறக்கும் கேம் பக்கம் அது போய்ச் சேரவே நேரமாகும். ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கு ஒரு படி கட்டியாக ஊற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது பவருக்காக இல்லை, புகையைக் கொஞ்சம் அடக்க.

நிஜமாகவே பவர் காணாமல் போவது வேறொரு இடத்தில். கார் ஆயில் விலை குறைவாகக் கிடைத்தது என்று பைக்கில் ஊற்றுகிறார்கள். அதில் உராய்வைக் குறைக்கும் சமாச்சாரம் சேர்த்திருந்தால் கிளட்ச் தகடு வழுக்கும். மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் அலறும், வண்டி நகராது. கேன் பின்புறம் ஜாசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பான் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா என்று பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்குக் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதனால் அதற்கு ஜாசோ எம்பி.

டூ-ஸ்ட்ரோக் யமஹா ஆர்எக்ஸ் 100 அண்ணன்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்கு எஞ்சினில் எரியும் 2டி ஆயில் தனி, கியர்பாக்ஸ் ஆயில் தனி. அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன்.