பரப்பளவை விட நிழலைப் பாருங்கள்

மழலையர் பள்ளியைத் தேர்ந்தெடுக்க ஆசிரியையின் அன்பும் பாடமுறையும் போதும், விளையாட்டுத் திடல் இரண்டாம்பட்சமே என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது ஓட்டமும் துள்ளலுமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வீட்டு மாடியில் இரண்டு அறைகளில் நடக்கும் பள்ளியில் இது எவ்வாறு கைகூடும்? ஆயினும் மண்டபம், கீழக்கரை போன்ற எங்கள் கடலோர ஊர்களில் இடத்தின் பரப்பைவிட நிழலே முதன்மையானது (மணலுக்கு இங்கே என்றும் பஞ்சமில்லை). கோடையில் பத்து மணிக்கே தகரச் சறுக்குமரம் தொடையைச் சுட்டுவிடும். ஒரு பூவரச மரத்தடி, சீமைக் கருவேல முள் பொறுக்கிய மணல், கதவுள்ள சுற்றுச்சுவர், மூடியிட்ட தண்ணீர்த் தொட்டி ஆகியவை இருந்தால் சிறிய முற்றமே போதும். சேர்க்கைக்குச் செல்லும் பெற்றோர், திடலைக் காட்டச் சொல்வதோடு நில்லாமல், பிள்ளைகளை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வெளியே விடுகிறார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். வண்ணம் பூசிய ஊஞ்சல்களைப் பூட்டி வைத்துவிட்டு, விளம்பரப் பலகையில் மட்டும் ஆட விடும் பள்ளிகளும் உண்டு.