100 எம்பிபிஎஸ் (Mbps) இணைய இணைப்பு போட்டால் 12 தான் வருகிறதா?

சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “100 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் வாங்கிக்கொண்டு 12 தான் தருகிறார்கள், மீதி 88 திருட்டு.” கூடவே டவுன்லோடு ஓடும் ஸ்கிரீன்ஷாட் ஒன்று.

தவறு. அந்தப் படத்திலேயே விடை இருக்கிறது. இணையத் திட்டத்தில் இருப்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு; எம்பிபிஎஸ் என்பது அதுதான். டவுன்லோடு பெட்டி காட்டுவது நொடிக்கு இத்தனை மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5.

சரி, அந்த அரை எங்கே போச்சு? கோப்பு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் வரும்; ஒவ்வொரு பாக்கெட்டும் முகவரி, சரிபார்ப்பு எண் என்று தன் மூட்டையையும் சுமந்து போகிறது. ஈதர்நெட் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும் பாக்கெட்டில் நம் கோப்பு அதிகபட்சம் 1460 பைட்தான். அதிலேயே ஐந்து சதவீதம் போய்விடும்.

என் வீட்டு ரவுட்டரில் 20 எம்பிபிஎஸ் வரம்பு வைத்துப் பார்த்தேன். முதல் நொடியில் 4 மெகாபைட் வரை எகிறியது, அப்புறம் 2.3, 2.4-இல் நின்றது. வரம்பு வைக்கும் முறையே அப்படித்தான்: சும்மா இருந்த நேரத்தில் சேர்ந்த டோக்கன்களை, அதாவது இவ்வளவு தரவு அனுப்பலாம் என்ற அனுமதிச் சீட்டுகளை, முதலில் மளமளவென்று செலவழித்துவிடும். அதனால் இரண்டு நொடி சோதனையை நம்ப வேண்டாம், அரை நிமிடமாவது ஓடவிடுங்கள்.

100 எம்பிபிஎஸ் திட்டத்தில், வைஃபையை விட்டு கேபிளில் செருகியும் இரவு எட்டு மணிக்கு 3 மெகாபைட்தான் வருகிறதென்றால் அது வேறு கதை. அப்போது தாராளமாகப் புகார் செய்யலாம்.