டர்போ ஏற்றுவது சுலபம், அப்புறம்தான் இருக்கிறது
காரில் டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) பொருத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று இந்தக் கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. நண்பர்கள் நால்வர் வீட்டு ஷெட்டில் பந்தயக் கார் கட்டினோம். டர்போ இரண்டே வார இறுதியில் ஏறிவிட்டது. அப்புறம் எட்டு மாதம் ஆயிலோடும் பெட்ரோலோடும் மல்லுக்கட்டினோம். முதல் ஓட்டத்திலேயே நீலப் புகை. டர்போ போச்சு என்று கழற்றினால் அது நன்றாகத்தான் இருந்தது! டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயை, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பில், ஆயில் மட்டத்துக்குக் கீழே சேர்த்திருந்தோம். அந்த ஆயில் அழுத்தத்தில் திரும்புவதில்லை, தானாக வழிந்து இறங்க வேண்டும். வழி அடைபட்டால் டர்போவுக்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் சீல் வளையத்தைத் தாண்டி வெளியேறி, எரிந்து நீலப் புகையாகும். மேலே கருத்து எழுதிய ஒருவர், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வெறும் அலங்காரம் என்கிறார். 0.5 பார் பூஸ்ட்டிலேயே (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) 30 டிகிரி காற்று சுமார் 80 டிகிரிக்குச் சூடாகும். அந்தச் சூட்டில் எங்கள் எஞ்சின் நாக்கிங்கில் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) கடகடத்ததைக் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.