படத்தைக் குப்புற வைக்கச் சொல்வது நல்லிணக்கம் இல்லை

சனிக்கிழமை நடந்த நல்லிணக்கச் செயலமர்வின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான் அந்த மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் இருந்தேன். காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தை மேசையில் குப்புற வைக்கும்படி அந்தத் தாயிடம் வளவாளர் சொன்னபோது அவருடைய குரலில் கடுமை இருக்கவில்லை. "அம்மா, இன்றைக்கு மட்டும் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவோமே" என்று கனிவாகத்தான் கேட்டார். "தம்பி, இதைக் குப்புற வைச்சா நான் ஆருக்காக இங்க வந்தனான்?" என்று அந்தத் தாய் திருப்பிக் கேட்டதோடு காணொளி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் படத்தைச் சேலைத் தலைப்பால் மூடி மடியில் வைத்துக்கொண்டு, தேநீர் இடைவேளை வரைக்கும் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார். சுற்றி இருந்த நாங்களும் பேசவில்லை. நானும் பேசவில்லை என்பதுதான் இத்தனை நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அங்கே நடந்ததற்கும் நான் பதினான்கு ஆண்டுகளாகப் படித்தும் படிப்பித்தும் வருகின்ற சமாதான ஆய்வுத் துறைக்கும் சம்பந்தமில்லை. அன்று திரையில் முதலில் தெரிந்த பெயர் ஜோஹான் கல்துங். 1959இல் ஒஸ்லோவில் சமாதான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், துப்பாக்கி ஓய்ந்திருப்பது மட்டுமே சமாதானம் ஆகிவிடாது என்று 1969இல் எழுதினார். மனிதரை நசுக்கும் அமைப்பு அப்படியே இருக்கும்போது வெளியே தெரிகின்ற அமைதியை அவர் எதிர்மறைச் சமாதானம் என்றார். அந்தப் பெயரைத் திரையில் காட்டிவிட்டு, அடுத்த அரை மணி நேரத்தில் ஒரு தாயின் கையிலிருக்கும் படத்தை அமைதிக்கு இடைஞ்சல் என்று கருத எப்படி முடிகிறது? சமாதான மத்தியஸ்தர் ஜோன் போல் லெடராக் நிக்கராகுவாவின் பேச்சுவார்த்தைகளில் கேட்ட, பைபிளின் 85ஆம் சங்கீதத்திலிருந்து உருவாக்கிய பயிற்சியும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிருபை, சத்தியம், நீதி, சமாதானம் என்ற நான்கும் நான்கு ஆட்களாக வந்து தத்தம் வழக்கைச் சொல்ல வேண்டும். ஒன்றை வெளியே நிறுத்திவிட்டு மற்றவை கூடிப் பேச முடியாது. சத்தியத்தை வெளியே நிறுத்துவது நல்லிணக்கம் இல்லை.

என் அப்பா எங்கள் பகுதி மத்தியஸ்த சபையில் உறுப்பினராக இருந்தவர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தச் சபைகளில் சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. இரு தரப்பும் மனம் ஒத்தால்தான் இணக்கம். ஒரு முறை அண்ணன் தம்பி இருவருக்கிடையே வேலிப் பிணக்கு வந்தது. கதியால் நட்டதில் இரண்டு முழ நிலம் போய்விட்டது என்று தம்பி சொன்னார். "சகோதரங்கள்தானே, விட்டுக்கொடுங்கோ" என்று ஊரே சொன்னபோதும் அப்பா அதற்கு உடன்படவில்லை. நில அளவையாளரைக் கூப்பிட்டு, பழைய எல்லைக்கல்லைத் தோண்டி எடுத்துக் காட்டிய பிறகே பேச்சைத் தொடங்கினார். கல் வெளியே வந்ததும் தம்பி தானாகவே ஒரு முழத்தை விட்டுக்கொடுத்தார். இரண்டு முழ நிலத்துக்கே முதலில் உண்மை தெரிய வேண்டியிருந்தது. ஒரு பிள்ளைக்கு அது வேண்டாமா?

தென்னாபிரிக்காவில் மன்னிக்கவில்லையா என்று என் முந்தைய பதிவின் கீழ் ஒருவர் கேட்டிருந்தார். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு அங்கே அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் பொதுமன்னிப்பு கேட்டு 7,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மிகப் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. செய்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. அப்படியிருந்தும், பொலிஸ் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தினர் அந்த ஏற்பாட்டை எதிர்த்து 1996இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார்கள். வழக்கில் தோற்றார்கள் என்பது உண்மை. ஆனால் பிக்கோவின் மரணத்தில் தொடர்புபட்ட பொலிஸாருக்கு 1999இல் பொதுமன்னிப்பு மறுக்கப்பட்டதும் உண்மை. வட அயர்லாந்தில் 1972இல் கடத்தப்பட்ட ஜீன் மக்கொன்வில் பத்துப் பிள்ளைகளின் தாய். அவருடைய எச்சங்கள் 2003இல் ஒரு கடற்கரையில் கிடைத்தன. 1998 சமாதான உடன்படிக்கைக்கு அடுத்த ஆண்டே, காணாமலாக்கப்பட்டோரின் உடல்களைத் தேடுவதற்கென்று பிரித்தானிய, அயர்லாந்து அரசுகள் இரண்டும் சேர்ந்து ஓர் ஆணைக்குழுவை அமைத்தன. அதன் பட்டியலில் இருபது பேர்கூட இல்லை. அவர்களுக்காகச் சதுப்பு நிலங்களை ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் எங்கள் அம்மாக்கள் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் இருந்து கேட்டது அதைவிடப் பெரிய ஒன்றையா? காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. பதில் கிடைக்காமலே எத்தனை பெற்றோர் கண்ணை மூடிவிட்டார்கள்.

இவரும் நன்கொடையாளர் பணத்தில் சம்பளம் வாங்கியவர்தானே என்று சிலர் எழுதுவீர்கள். வாங்கினேன். வேலை செய்துதான் வாங்கினேன். அதற்காக வாயை மூடியிருக்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் நான் கையெழுத்து வைக்கவில்லை. புண்ணைக் கிளறாதே என்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: அது உங்கள் வீட்டுப் புண்ணா?

இன்னொரு கேள்வியை அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உண்மை வேண்டும் என்று கேட்கிற நீங்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறீர்கள் என்று ஒரு முஸ்லிம் நண்பர் உள்பெட்டியில் கேட்டார். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் ஒரு திங்கட்கிழமை சோனகதெருவில் தன் வீட்டில் இருந்தான். மறுநாள் அந்தத் தெருவே வெறிச்சோடியிருந்தது. அவனுடைய கணிதக் கொப்பி பல ஆண்டுகள் என் மேசைக்குள் கிடந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு தாய்லாந்திலும் ஒஸ்லோவிலும் பேர்லினிலும் ஜப்பானின் ஹக்கோனேயிலுமாக அரசுக்கும் புலிகளுக்கும் இடையே ஆறு சுற்றுப் பேச்சு நடந்தபோது, முஸ்லிம்கள் தங்களுக்குத் தனித் தரப்பாக இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பேச்சு குலைந்துவிடக் கூடாது என்றுதான் அன்றும் காரணம் சொல்லப்பட்டது, நானும் அன்று தலையாட்டினேன். 2003 ஏப்ரலில் பேச்சு எப்படியும் நின்றுதான் போனது. ஆகவே நண்பரே, நீங்கள் கேட்டது சரி. அவர்களுடைய படங்களையும் குப்புற வைத்தவர்கள் நாங்கள்தான். அதற்காக இந்தத் தாயின் படம் குப்புறக் கிடக்கலாம் என்று ஆகிவிடாது. இரண்டும் நிமிர்ந்து இருக்கட்டும் என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

அந்த வளவாளரைத் திட்டி வரும் கருத்துகளை நீக்கிவிடுவேன். அவர் கெட்டவர் இல்லை. நிகழ்ச்சி நிரலில் பதினொரு மணிக்குள் முடிக்க வேண்டியிருந்ததை முடிக்கப் பார்த்தார்.

அடுத்த மாதச் செயலமர்வில் ஓர் அமர்வை நடத்தித் தரும்படி ஏற்பாட்டாளர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாயின் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, படத்தோடு வரும்படி அவரை அழையுங்கள், அதன் பிறகு நான் வருகிறேன் என்று இன்று காலை பதில் அனுப்பினேன். என்னுடைய மன்னிப்பைக் கேட்க நான் நாளைக்குப் போகிறேன்.