விளக்கெரிந்தது டோக்கியோவில், மண் கிடப்பது ஃபுதாபாவில்

ஆண்டுதோறும் மார்ச் 11 அன்று, பூகம்பம் வந்த அதே மதியம் 2.46க்கு ஜப்பானில் தலைகுனிந்து நிற்கிறார்கள். எனக்கு அன்றைக்கு ஞாபகம் வருவது, ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தை ஒட்டிய ஃபுதாபா என்ற ஊரின் கடைத்தெருவில் இருந்த அலங்கார வளைவு.

'அணுசக்தி: ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல்' என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஊர்ப் பையன் ஒருவன் 1988இல், ஆறாம் வகுப்பில், வீட்டுப்பாடமாக எழுதிய வாசகம். பரிசும் கிடைத்தது. 2011இல் சுனாமி வந்து, ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் மூன்று உலைகள் உருகி, ஊரே காலியானபோது ஆளில்லாத தெருவில் அந்த வளைவு மட்டும் நின்றது. பழசாகிவிட்டது, ஆபத்து என்று சொல்லி 2015 கடைசியில் கழற்றினார்கள். கழற்றக் கூடாது என்று கையெழுத்து வாங்கியவர் அதே பையன்தான். நாற்பதை நெருங்கியிருந்தார். தான் எழுதியது தப்பு என்று சொல்லிக்கொண்டே அதைக் காப்பாற்றப் போராடினார். 2020இல் திறந்த நினைவு அருங்காட்சியகத்தில் முதலில் வெறும் புகைப்படம்தான் இருந்தது. அசல் எழுத்துகள் அடுத்த ஆண்டுதான் காட்சிக்கு வந்தன. நமக்கு அவமானம் தராத பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்!

 

மூன்று உலைகளுக்குள்ளும் உருகிக் கிடக்கும் எரிபொருள் கழிவு சுமார் 880 டன். தூண்டில் மாதிரி நீளும் கம்பியை விட்டு 2024 நவம்பரில் முதன்முதலாக வெளியே எடுத்தது 0.7 கிராம். ரசத்துக்குப் போடும் பெருங்காயம்கூட அதைவிட அதிகம் இருக்கும். 2051க்குள் நிலையத்தை அகற்றும் வேலையை முடிப்போம் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை.

என்னை உறுத்துவது மண்தான். சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் படிந்த மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். சுமார் 1.4 கோடி கன மீட்டர். இடைக்காலமாக என்று சொல்லி, உலையைச் சுற்றி ஃபுதாபாவிலும் பக்கத்து ஊரான ஓகுமாவிலும் குவித்தார்கள். ஜனங்கள் தங்கள் பூர்வீக நிலத்தை அதற்காகக் கொடுத்தார்கள். 2045க்குள் ஃபுகுஷிமா மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எங்கே? யாருக்கும் தெரியாது.

அந்த உலையின் மின்சாரம் ஃபுகுஷிமாவுக்கு எரியவில்லை, டோக்கியோ வட்டாரத்துக்குத்தான் போனது. அந்த டோக்கியோவில், ஷின்ஜுகு பூங்காவில் கொஞ்சம் மண்ணைப் பரிசோதனையாகப் போட்டுப் பார்க்கலாம் என்று 2022இல் அரசு கேட்டபோது, அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், திட்டம் அப்படியே நின்றது. அவர்கள் பயத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அதே பயத்தோடு ஃபுதாபாக்காரர் மட்டும் ஏன் வாழ வேண்டும்?

கடைசியில் 2025 ஜூலையில் கொஞ்சம் மண் டோக்கியோவுக்குப் போனது. பிரதமர் அலுவலகத் தோட்டத்தில் போட்டு, மேலே நல்ல மண்ணால் மூடினார்கள். ஒரு சின்ன லாரி லோடுகூட இருக்காது.